மைனஸ் 20-ல் ஒரு வணக்கம்

என் மாலை நேர நிகழ்ச்சி தொடங்கி அரை மணி நேரத்துக்குள் கைப்பேசியில் ஒரு செய்தி வந்து விழும்.

'மழை என்பதில் ழ சரியில்லை.' 'அந்தப் பாட்டுக்கு இசை அவர் இல்லை. தேடிப் பார்.' 'இன்று வேகம் அதிகம். பேருந்தா ஓட்டுகிறாய்?'

அனுப்புபவர் தைப்பிங்கில் இருக்கும் என் பெரியப்பா. ஊடகத் துறையில் பட்டம் வாங்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த விரிவுரையாளர்கள் யாரும் என் உச்சரிப்பை இவரைப் போலத் துரத்தியதில்லை.

போன ஆண்டு தீபாவளி நெருங்கும் சமயத்தில் அந்தச் செய்திகள் நின்றுபோயின. முதல் வாரம், உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. மூன்றாவது வாரம் பெரியம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"அவருக்குக் காது போயிருச்சுமா. ரேடியோவ போட்டுட்டு உக்காந்திருப்பாரு. நீ பேசுற சத்தம் கேக்குதாம், என்ன பேசுறன்னு புரியலையாம். ஒன்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

பெரியப்பா டெலிகோமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து லயத்தில் பிறந்து, ரப்பர் மரம் சீவிய அப்பாவுக்கு மகனாய் வளர்ந்து, தொலைபேசிக் கம்பங்களில் ஏறி வாழ்க்கையை ஓட்டியவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் கம்பியை விடமாட்டார். அவர் ஒரு ஹாம். அதாவது, அரசாங்க உரிமத்தோடு சொந்த வானொலி நிலையம் வைத்திருக்கும் அமெச்சூர் வானொலிக்காரர். 9எம்2 என்று தொடங்கும் அழைப்புக் குறி அவருக்கு உண்டு. பள்ளி விடுமுறைக்கு நாங்கள் போகும்போதெல்லாம் பின்பக்க அறையில் மோர்ஸ் ஒலி கேட்கும். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிடுவார். கொதிக்கும் எண்ணெய் போல ஒரே இரைச்சல். "அதுக்கு அடியில கேளு," என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. அவர் மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டே போவார்.

இன்று அவருக்கு 74 வயது. செவித்திறன் சோதித்த வரைபடத்தை எடுத்துக் காட்டினார். இடப்பக்கம் சமமாகப் போகும் கோடு, வலப்பக்கம் மலைச்சரிவு போல இறங்குகிறது. வயதானவர்களுக்கு முதலில் போவது மேல் அலைவரிசைகள்தான். உயிரெழுத்துகள் கீழே இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். ச, த, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை போய்விடும். அதனால்தான் 'சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல'. மோர்ஸ் ஒலி தாழ்ந்த சுருதிதான், அது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். பலமாக வந்தால் கேட்குமாம். இரைச்சலுக்கு அடியில் வந்தால் கேட்காது. "காதுக்குள்ளேயே ஒருத்தன் ராப்பகலா விசைய அமுக்கிட்டு இருக்கான்மா. எது அவன், எது வெளியில இருக்கிறவன்னு எனக்குத் தெரியல." செவிக்கருவி குரலோடு சேர்த்து விசிறிச் சத்தத்தையும் பெரிதாக்கித் தருகிறது. அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்.

வானொலிப் பெட்டியின் மேல் துணி போர்த்தியிருந்தது.

அவர் கேலி செய்த ஒன்று

எஃப்டி8 என்ற பெயரை நான் முதலில் கேட்டது பெரியப்பா வாயிலிருந்துதான், திட்டாக. 2017-ல் வந்த இந்த டிஜிட்டல் முறை சில மாதங்களிலேயே உலக ஹாம்களை ஆட்கொண்டது. மைக் வேண்டாம், மோர்ஸ் விசை வேண்டாம். வானொலியைக் கணினியோடு இணைத்தால் போதும். மிகப் பலவீனமாக வரும் சிக்னலைக்கூட மென்பொருள் பிரித்தெடுத்து எழுத்தாகத் திரையில் காட்டிவிடும். "கம்பியூட்டரும் கம்பியூட்டரும் பேசிக்கிட்டா அதுக்குப் பேரு பேச்சா?" என்பார் அப்போது. பேசியே சம்பளம் வாங்கும் நானும் ஆமாம் போட்டேன்.

தீபாவளி விடுப்பில் போனபோது மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்: "காது வேணாம். கண்ணு இருக்கில்ல, பெரியப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்த் துணியை எடுத்தார்.

டபிள்யுஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற அந்த மென்பொருள் இலவசம். வானொலிக்கும் கணினிக்கும் நடுவே ஒலியைக் கடத்தும் சின்னப் பெட்டி ஒன்றை அவருடைய நண்பர் கொடுத்தார். ஆன்டெனா ஏற்கெனவே இருந்தது. கூரை முனையிலிருந்து மாமரத்துக்கு இழுத்துக் கட்டிய 10 மீட்டர் கம்பி. 14.074 மெகாஹெர்ட்ஸில் வைத்தோம். திரையில் நீல நிற நீர்வீழ்ச்சி போல ஒரு படம் வழிந்தது, அதில் மஞ்சள் தீற்றல்கள். ஒவ்வொரு தீற்றலும் எங்கோ ஓர் ஊரில் ஒரு மனிதர். ஆனால் எழுத்து மட்டும் ஒரு வரிகூட வரவில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா முகத்தில் 'நான்தான் அப்பவே சொன்னேனே' தெரிய ஆரம்பித்தது.

காரணம் மடிக்கணினியின் கடிகாரம். 4 விநாடி பின்தங்கியிருந்தது.

எஃப்டி8-ல் நேரம்தான் எல்லாம். உலகம் முழுவதும் ஒரே தாளத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு நிமிடமும் 15 விநாடி கொண்ட நான்கு பாகங்கள். ஒரு பாகத்தில் நீங்கள் அனுப்புவீர்கள், அடுத்த பாகத்தில் கேட்பீர்கள். ஒரு செய்தியின் நீளம் 12.64 விநாடி, மிச்ச நேரத்தில் கணினி கணக்குப் போடும். கடிகாரம் இரண்டு மூன்று விநாடி தவறினாலே எதுவும் புரியாது. இணையத்தில் நேரத்தைச் சரிசெய்தேன். அடுத்த பாகம் முடிந்ததும் சடசடவென்று 20 வரிகள் கொட்டின. ஜேஏ, ஜேஏ, ஜேஏ என்று பாதித் திரை ஜப்பான். நடுவில் இந்தோனேசியாவின் ஒய்பி, இந்தியாவின் வியூ, ரஷ்யா, ஆஸ்திரேலியா.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பத்துமலைக் கூட்டத்தில் ஒரு விசில்

இது எப்படி நடக்கிறது? எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். பொறியியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் நிற்கிறீர்கள். உறுமி, ஒலிபெருக்கி, லட்சம் பேர். அந்தக் கோடியில் ஒருவர் ஒரே சுருதியில் மெல்ல விசில் அடிக்கிறார். கேட்காது. ஆனால் அந்த ஒரு சுருதியைத் தவிர வேறெதுவும் நுழையாதபடி உங்கள் காதை அடைத்துக்கொள்ள முடிந்தால்? உறுமியின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். மனிதக் குரலை அனுப்ப ஹாம்கள் சுமார் 2,500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையைப் பயன்படுத்துகிறார்கள். எஃப்டி8-க்கு 50 ஹெர்ட்ஸ் போதும். சன்னல் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கினால், உள்ளே வரும் இரைச்சலும் ஐம்பதில் ஒரு பங்குதான்.

அந்த 50 ஹெர்ட்ஸுக்குள் எட்டு சுருதிகள், ஒன்றுக்கொன்று 6.25 ஹெர்ட்ஸ் இடைவெளி. மிக நுண்ணிய வித்தியாசம் அது. ஒலிபெருக்கியில் கேட்டால் தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டு முனகுவது போலிருக்கும். 79 முனகல்கள் சேர்ந்தால் ஒரு செய்தி.

இன்னொரு தந்திரம் எனக்கு அதைவிடப் பிடித்தது. செய்தியின் உண்மையான அளவு 77 பிட் மட்டுமே. இரண்டு அழைப்புக் குறிகள், ஓர் இடக்குறி அல்லது மதிப்பெண், அவ்வளவே. ஆனால் அனுப்புவது 174 பிட். கூடுதலாக இருப்பதெல்லாம் பிழை திருத்தத்துக்கு. குறுக்கெழுத்துப் போட்டியில் மேலிருந்து கீழாக வரும் சொல்லும் இடமிருந்து வலமாக வரும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் அல்லவா? பக்கத்தில் காப்பி கொட்டிப் பத்து எழுத்து அழிந்தாலும் மீதியை வைத்து நிரப்பிவிடலாம். அது மாதிரிதான் இதுவும். அதனால் மைனஸ் 20 டெசிபல், அதாவது 2,500 ஹெர்ட்ஸ் சன்னலில் அளந்தால் இரைச்சலில் நூறில் ஒரு பங்கு பலமே உள்ள சிக்னல்கூட எழுத்துப் பிழையில்லாமல் வந்து சேரும். குரல் அந்த நிலையில் முற்றாக மூழ்கிப்போயிருக்கும். பயிற்சி பெற்ற மோர்ஸ் காதுகளும் கைவிட்டுவிடும்.

இதை உருவாக்கியவர்கள் ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் என்ற இரண்டு அமெரிக்க ஹாம்கள். எஃப்டி என்பது அவர்கள் பெயர்களின் முதலெழுத்து. 8 என்பது சுருதிகளின் எண்ணிக்கை. டெய்லர் யார் என்று தேடியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1993-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசை ரஸ்ஸல் ஹல்ஸோடு பகிர்ந்துகொண்டவர். 1974-ல் புவெர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கியைக் கொண்டு, இன்னொரு விண்மீனைச் சுற்றிவரும் ஒரு துடிப்பு விண்மீனை இருவரும் கண்டுபிடித்தார்கள். விண்வெளி இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய துடிப்பைப் பிரித்தெடுப்பதே அவர் தொழில். அதே வித்தையை 2001 முதல் ஹாம்களுக்கான மென்பொருளாகத் தந்துகொண்டிருக்கிறார். முதலில் எரிகற்கள் வானில் விட்டுப்போகும் தடத்தில் பட்டுத் திரும்பும் சிக்னல்களுக்காக, பிறகு நிலவில் பட்டு இரண்டரை விநாடி கழித்துத் திரும்பும் எதிரொலிகளுக்காக.

"அதுக்கு அடியில கேளு"ன்னு ஒரு நோபல்காரரும் சொல்லியிருக்கார் பாருங்க, என்றேன். பெரியப்பாவுக்குக் கேட்கவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். சிரித்தார்.

சாமி மாடத்து விளக்கு

திரையில் வரிகள் வந்தன, ஆனால் ஜப்பானைத் தாண்டி அதிகம் வரவில்லை. அலைக்காட்டியில் இரைச்சல் ஏறியே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று வீட்டு மின்சாரத்தை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தோம். கைப்பேசிச் சார்ஜரை எடுத்ததும் கொஞ்சம் இறங்கியது. சாமி மாடத்தில் மின்னிக்கொண்டிருந்த எல்இடி சரவிளக்கை அணைத்ததும் திரை சட்டென்று கருநீலமானது. இந்த மலிவு விளக்குகளின் மின்மாற்றிகள் வானொலி அலைகளில் செய்யும் அட்டகாசம் கொஞ்சமல்ல. பெரியம்மாவிடம் யார் சொல்வது? கடைசியில் உடன்படிக்கை ஆனது: வானொலி ஓடும் நேரத்தில் எண்ணெய் விளக்கு மட்டும். "அதுதான் சாமிக்கும் பிடிக்கும்," என்றார் பெரியப்பா. பெரியம்மா இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அனுப்பும் பக்கத்தில் தவறு என் கண்ணில்தான் பட்டது. ஒலியளவை அதிகமாகத் திருப்பி வைத்திருந்தார். ஸ்டூடியோவில் மைக் அளவு சிவப்பைத் தொட்டால் குரல் உடையும். இங்கே உடைந்தால் பக்கத்து அலைவரிசைக்காரர்கள் மேல் தெறிக்கும். அளவைக் குறைக்கச் சொன்னேன். அந்த வீட்டில் என் படிப்பு பயன்பட்ட முதல் தருணம் அது.

எனக்கு உரிமம் இல்லை, அதனால் மௌஸைத் தொடவில்லை. அவர்தான் அழுத்தினார். சிகியூ, அவருடைய அழைப்புக் குறி, ஓஜே04. சிகியூ என்றால் 'யார் வேண்டுமானாலும் வாருங்கள்'. ஓஜே04 என்பது தைப்பிங் இருக்கும் கட்டம். உலக வரைபடத்தையே இப்படிக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை என்கே03, யாழ்ப்பாணம் என்ஜே09. அனுப்பிய சக்தி 20 வாட். நான் வேலை செய்யும் எஃப்எம் நிலையத்தின் ஸ்டூடியோ விளக்கு இதைவிட அதிகம் குடிக்கும்.

30 விநாடி. பிறகு சிவப்பில் ஒரு வரி. ஜப்பானியர் ஒருவர் பெரியப்பாவின் குறியைச் சொல்லி அழைத்திருந்தார். நீங்கள் எனக்கு மைனஸ் 17, நான் உங்களுக்கு மைனஸ் 9, சரி, நல்வாழ்த்து. கடைசியில் வரும் 73 என்ற எண்ணுக்கு அதுதான் பொருள். தந்திக் காலத்து வாழ்த்து, இன்றும் மாறவில்லை. ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. மென்பொருள் தானே பதிவு செய்துகொள்ளும் என்று சொல்லியும் கேட்காமல், பழைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவால் நேரம், குறி, மதிப்பெண் எழுதினார். அதற்கு முந்தைய பதிவு பதினான்கு மாதத்துக்கு முன்பு எழுதியது.

இதைப் பேச்சு என்று சொல்லலாமா என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. ஆனால் என் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகளை நினைத்துப் பார்த்தேன். "வணக்கம், சுகமா, எங்கிருந்து பேசுறீங்க, என்ன பாட்டு வேணும், யாருக்கு?" வருஷக்கணக்காக அதே ஐந்து கேள்வி. அதற்காக அரை மணி நேரம் லைனில் காத்திருக்கிறார்கள். புதிதாக எதுவும் சொல்வதற்காக அல்ல.

எஃப்டி8-ஆல் முடியாதது நிறைய உண்டு, அதையும் சொல்ல வேண்டும். விருப்பப்படி எழுத இடம் 13 எழுத்து மட்டுமே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது பாரதி பிரசாத் தலைமையில் ஓர் இந்திய ஹாம் குழு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. பொழுதுபோக்குத் தொடர்புகளுக்காகப் போனவர்கள். தீவுகளின் தொடர்பு அறுந்தபோது அவர்கள் குரலில்தான் செய்திகள் வெளியே போயின. யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன தேவை என்பதை 13 எழுத்தில் சொல்ல முடியாது. பெரியப்பா இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார், மோர்ஸையும் குரலையும் இளையவர்கள் விட்டுவிடக் கூடாது என்று.

எம்எச்370 பற்றிக் கேட்பீர்கள்

இந்தக் குடும்பத்தில் விஸ்பர் என்று இன்னொரு முறை உண்டு, டெய்லர் 2008-ல் வெளியிட்டது. அதில் உரையாடலே கிடையாது. ஒரு நிலையம் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் தன் பெயரை முணுமுணுக்கும். உலகில் யாருக்கெல்லாம் எட்டியதோ அவர்கள் கணினிகள் பொதுத் தரவுத்தளத்தில் பதிவு செய்யும். அந்தப் பழைய பதிவுகளை வைத்து, 2014 மார்ச் 8-ஆம் தேதி 239 பேருடன் காணாமல் போன எம்எச்370-இன் பாதையைக் கண்டுபிடித்துவிட்டதாக ரிச்சர்ட் காட்ஃபிரே என்ற பிரிட்டிஷ் பொறியாளர் சொல்லிவருகிறார். விமானம் குறுக்கே போகும்போது அலைகளில் ஏற்படும் சலனம் பதிவாகியிருக்கும் என்பது அவர் வாதம். விஸ்பரை உருவாக்கிய டெய்லரே இதை ஏற்கவில்லை.

பெரியப்பாவிடம் கேட்டேன். "ஏரோப்ளேன் தலைக்கு மேல போனா அந்தக் காலத்து டிவி படம் ஆடும், நானே பார்த்திருக்கேன். ஆனா இது ஆயிரக்கணக்கான மைல்மா. வானமே நிமிஷத்துக்கு நிமிஷம் ஆடிட்டு இருக்கு. அதுல ஒரு விமானத்தோட ஆட்டத்தத் தனியாப் பிரிக்கிறது..." கையை விரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "காத்திருக்கிறவங்களுக்கு எந்தச் சிக்னலும் பெருசாத்தான் தெரியும்," என்றார்.

இடி, மழை, பெரு

தைப்பிங்கில் மழைக்குக் கேட்கவா வேண்டும். மதியம் மூன்று மணிக்கு மேகம் கறுத்தால் முதல் வேலை ஆன்டெனா கம்பியைக் கழற்றிச் சன்னலுக்கு வெளியே போடுவது. அதனால் அவர் நேரம் அதிகாலைக்கு மாறிவிட்டது. இரண்டு மாதத்தில் 61 நாடுகள். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 2024-ல் உச்சத்துக்கு வந்ததும் ஒரு காரணம். சூரியன் கொந்தளிக்கும்போது வானில் அயனி மண்டலம் தடித்து, அலைகளை நன்றாகத் திருப்பி அனுப்பும்.

என் நிகழ்ச்சியை மட்டும் இன்னும் அவரால் கேட்க முடியவில்லை. பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் போட்டு வானொலிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பின்னணியில் பாட்டு ஓடியதால் 'வணக்கம் நேயர்களே' என்பது 'வனக்கம் நாயர்களே' என்று வந்தது. "ழ பிரச்சினை போய் இப்ப ண பிரச்சினை," என்றார். இழுப்பறையிலிருந்து செவிக்கருவி வெளியே வந்து, பெரியம்மாவோடு பேசும்போது மட்டும் காதில் ஏறுகிறது.

நான் எம்சிஎம்சி நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் வாசகர்கள் ஐஎம்டிஏ பக்கம் போய் விசாரிக்க வேண்டும். ஓமின் விதி பள்ளியில் விளங்கியதைவிட இப்போது நன்றாக விளங்குகிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த என்னை 7 மணிக்குத் தட்டி எழுப்பினார். தைப்பிங்கிலிருந்து பூமியின் நடுவே ஓர் ஊசியைக் குத்தினால் மறுபக்கம் பெரு நாட்டின் வடக்கில் வெளிவரும். இதற்குமேல் தூரம் இந்த உலகில் இல்லை, கிட்டத்தட்ட 20,000 கிலோமீட்டர். நமக்கு விடியும் நேரத்தில் அங்கே பொழுது சாயும். இரண்டு ஊரும் அந்தி விளிம்பில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் அலைகள் பூமியின் தோளைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் போகும். திரையில் ஓஏ என்று தொடங்கும் குறி. மைனஸ் 19.

பெரியப்பா அழைத்தார். பதில் இல்லை. மறுபடி அழைத்தார். ஜப்பான்காரர் ஒருவருக்குப் பெரு பதில் சொன்னது. மூன்றாவது முறை, நான்காவது முறை. பிறகு சிவப்பு வரி: அவருடைய குறி, ஓஏ நிலையத்தின் குறி, மைனஸ் 21.

நான் மூச்சு விடவில்லை. எங்கள் மதிப்பெண் போனது. அடுத்த பாகத்தில் மறுபடியும் அதே வரி, மைனஸ் 22. நாங்கள் சொன்னது அவருக்கு எட்டவில்லை. மறுபடி அனுப்பினோம். திரை காலி. மறுபடி. காலி. வெளியே மாமரத்து உச்சியில் வெயில் ஏறியிருந்தது.

இரண்டு பக்கமும் மதிப்பெண் போய்ச் சேர்ந்து ஒப்புகை வந்தால்தான் அது தொடர்பு; இல்லையென்றால் கணக்கில் வராது. பெரியப்பாவுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து, நேரத்தையும் குறியையும் எழுதினார். மதிப்பெண் இடத்தைக் காலியாக விட்டார்.

"நாளைக்கு ஒனக்கு எத்தனை மணிக்கு ரயிலு?"

பதினொன்று என்று விரலால் காட்டினேன்.

"அப்ப காலைல ஒரு தடவை பார்க்கலாம். ஆறே முக்காலுக்கு எழுந்திரு. பெரியம்மாகிட்ட சொல்லி சாமி விளக்க அணைக்கச் சொல்லிடு."